பச்சை குத்திய கையோடு வேலைக்குப் போகலாமா?

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை நர்சிங் முடித்துவிட்டு வேலூரில் மருத்துவமனை வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். இடது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இறந்துபோன அம்மாவின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார். மூக்குத்தியும் உண்டு. தம்பி ராணுவத்தில் சேர ஓடிப் பழகுகிறான். ஒரு காதில் கடுக்கன், அதோடு கழுத்தில் ஒரு டாட்டூ போட்டுக்கொள்ள ஆசை. "இதெல்லாம் வேலைக்குத் தடையா? நம்ம ஊரில் எப்படிப் பார்க்கிறார்கள்?" என்பது கேள்வி.

ராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ தொழிற்சாலைகளில் பணியாளர் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்தும், விதிகளைப் படித்துத் தெரிந்ததை வைத்தும் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் பதில் வேறு வேறு. தம்பி விஷயம் அவசரம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கழுத்து டாட்டூ வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ராணுவத்தில் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி உள்ள இடங்கள் இரண்டுதான்: முன்கையின் உள்பக்கம், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை; அப்புறம் புறங்கை. கழுத்து, தோள், மார்பு, கால் எதிலும் கூடாது. பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கப்படி குத்திய பச்சைக்கு விலக்கு உண்டு, அதற்கும் சான்று கேட்பார்கள். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் இன்னும் கறார். பெயரோ சாமி உருவமோ இருக்கலாம். ஆனால் இடது முன்கையின் உள்பக்கத்திலோ புறங்கையிலோதான் இருக்க வேண்டும். அளவும் அந்த உறுப்பில் கால் பாகத்துக்குள் அடங்க வேண்டும். வலது முன்கை கூடாது, ஏனென்றால் அது சல்யூட் அடிக்கும் கை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பழைய வேலூர் மாவட்டம் பட்டாளத்துக்குப் பேர்போன மாவட்டம். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். அரக்கோணத்தில் கடற்படை விமானதளம், தக்கோலத்தில் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. விடியற்காலையில் நேதாஜி ஸ்டேடியம் பக்கம் போனால் எத்தனை பையன்கள் ஓடுகிறார்கள் என்று தெரியும். ஒன்றரை வருடம் ஓடி, எழுத்துத் தேர்வும் தேறி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றும்போது தோளில் இருக்கும் ஒரு சிங்கத்தால் திரும்பி வருவது எவ்வளவு பெரிய நஷ்டம்! அந்த மேசையில் வாதாடிப் பார்க்கவும் வழியில்லை. கடுக்கனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தேர்வுக்குப் போகும்போது கழற்றிவிட்டுப் போகட்டும். டாட்டூ ஆசை இருந்தால் வேலையில் சேர்ந்த பிறகு, அந்தப் படையின் விதியைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

இனி தங்கை. இங்கே விதியைவிடப் பார்வைதான் பெரிய சிக்கல். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வேலை பார்த்த இடத்தில் தோலைத் தரம் பிரிக்கும் பகுதியில் வயதான பெண்கள் பலர் இருந்தார்கள். முன்கையில் புள்ளி வைத்த கோலம், தேள், புருஷன் பெயரின் முதல் எழுத்து என்று ஆளுக்கொரு பச்சை. சிலருக்கு மோவாயில் ஒற்றைப் புள்ளி. வெயிலிலும் சுண்ணாம்பிலும் கிடந்த அந்தத் தோலில் அது கறுப்பாகவும் இருக்காது, பச்சையாகவும் இருக்காது, பழைய இங்க் மாதிரி ஒரு நீலம் பாய்ந்திருக்கும். அவர்களுடைய விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'வலது முன்கையில் பச்சைக் கோலம்' என்று நாங்களே எழுதியிருக்கிறோம். மச்சத்தையும் தழும்பையும் எழுதுகிற மாதிரி அதையும் எழுதினோம், அவ்வளவுதான். அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அதே கேட் வழியாக டிப்ளமோ முடித்த ஒரு பையன் நேர்காணலுக்கு வந்தான். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த சமயம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கை வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் பொத்தான் போட்டு இறுக்கியிருந்தான். உட்கார்ந்த நேரம் முழுக்க இடது கைப் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தான். வியர்வையில் சட்டை கையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்த கழுகு இறக்கையோடு அப்படியே வெளியே தெரிந்தது. அவன் கேள்விகளுக்கு ஒழுங்காகத்தான் பதில் சொன்னான். ஆனால் அவன் வெளியே போனதும் பக்கத்தில் இருந்த அதிகாரி, "ரவுடி மாதிரி இருக்கான் சார், எதுக்கு வம்பு?" என்றார். வாசலில் தினமும் அந்தப் பாட்டிமார்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வருகிறவர்தான் அவர். கெட்டவர் இல்லை. ஒரு மணி நேரம் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பையன் தேறினான், சேர்ந்தான்.

எனக்கு இது வெகுநாள் உறுத்தலாக இருந்தது. ஊசி குத்துவது நம் ஊருக்குப் புதிதே இல்லையே. அகத்திக் கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கில் எரித்துக் கரி எடுத்து, அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குறத்திமார் திண்ணையில் உட்கார்ந்து குத்திவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. கூலி அரிசி, அல்லது ஒரு பழைய சேலை. எம்.ஜி.ஆர். காலத்தில் கட்சிச் சின்னத்தைக் கையில் குத்திக்கொண்ட தொண்டர்கள் இன்றைக்கும் நம் ஊர் டீக்கடைகளில் இருக்கிறார்கள். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் ஆண் குழந்தைக்கும்தான் குத்துகிறோம். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியிலோ வள்ளிமலையிலோ கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்துவிட்டு, மறுநாள் விபூதி அப்பிய கன்னத்தோடு ஷிப்டுக்கு வந்தவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீ வாங்கிக் கொடுத்து, வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சுதா என்று விசாரித்தார்கள்.

ஆக, ஊசியையோ துளையையோ பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. யார் கையில், எந்த வயதில், எந்த உடையோடு என்று பார்த்துத்தான் சுளிக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் தலைமுறை, பச்சையைப் பட்டிக்காட்டு அடையாளமாக நினைத்து வெட்கப்பட்டது. வீட்டில் பெரியவர்கள் குத்தச் சொன்னாலும் மாட்டேன் என்றது. அந்தத் தலைமுறைதான் இன்றைக்கு மேலாளர் நாற்காலியில் இருக்கிறது. தான் முயன்று உதறிய ஒன்றைத் தன் பிள்ளை வயதுக்காரன் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டு வருவதை அவர்களால் சட்டென்று ஏற்க முடியவில்லை. அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை வைத்து ஒருவருக்கு வேலை இல்லை என்று சொல்வது நியாயம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதை ஒப்புக்கொள்வேன் என்றால், வேலை கேட்கிற கட்டுப்பாட்டை. மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். நோயாளியைத் தொடும் கை முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக இருக்க வேண்டும் என்பது தொற்றுக் கட்டுப்பாட்டில் பரவலாகப் பின்பற்றும் முறை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்ற வேண்டும். அவற்றின் அடியில் ஈரமும் கிருமியும் தங்கும், கை கழுவும்போது தண்ணீர் சரியாகப் படாது. இதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஆறிப்போன பச்சை தோலுக்குள் இருக்கிறது. சோப்புப் போட்டால் மற்ற தோல் மாதிரியே சுத்தமாகும். புதிதாகக் குத்தினால் இரண்டு மூன்று வாரம் அது புண், அந்தச் சமயத்தில் மட்டும் வார்டில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று. "பச்சை தெரியக் கூடாது, முழுக்கை போட்டுக்கொண்டு வா" என்று ஒரு மேலதிகாரி சொன்னால், அவர் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு எதிராகவே சொல்கிறார். முழுக்கைச் சட்டையின் பட்டி ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு எதையெல்லாம் சுமந்துபோகும் என்பது நர்சிங் படித்த உங்கள் தங்கைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அம்மா பெயரைப் பார்த்து ஒரு நோயாளி, "யாருமா இது?" என்று கேட்கலாம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

மூக்குத்திக்கு வேறு கணக்கு. வார்டில் சின்னதாக, ஒட்டினாற்போல இருக்கும் மூக்குத்தி பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. நம் ஊரில் நர்ஸ் அம்மா என்றாலே மூக்குத்தியோடு பார்த்துப் பழகியவர்கள்தான் அதிகம். ஆபரேஷன் தியேட்டரில் நகை கூடாது என்பார்கள், எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கூடவே கூடாது. அங்கே வேலை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். துளை புதிது என்றால் கழற்றினால் தூர்ந்துபோகும். மூக்குத் துளை நன்றாக ஆற மூன்று நான்கு மாதமாவது வேண்டும், காது மடலின் மேல்பகுதிக்கு அதைவிடக் கூடுதல். அதனால் வேலையில் சேரப்போகிற நேரத்தில் புதிதாக எதையும் குத்திக்கொள்ள வேண்டாம். பழைய துளை என்றால் கழற்றிப் போடுவது சுலபம். நம் பாட்டிமார்கள் வேப்பங்குச்சி செருகி வைப்பார்களே, இப்போது அதற்கே நிறமில்லாத பிளாஸ்டிக் குச்சி கிடைக்கிறது. ஆனால் தியேட்டருக்குள் அதுவும் வேண்டாம்.

தொழிற்சாலையிலும் இதே மாதிரிதான். சுழலும் டிரம், உருளை, தையல் மெஷின் இருக்கும் இடத்தில் தொங்கும் கம்மல், சங்கிலி, தளர்ந்த கைப்பட்டி எல்லாம் ஆபத்து. இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர் இறுக்கமான உடை போட வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்து வந்த கருத்து. ஜிமிக்கியைக் கழற்றச் சொன்னால் அது ஆளின் உயிருக்காகச் சொல்வது. ஆனால் டாட்டூவை மறைக்கத் தொளதொள ஸ்லீவ் மாட்டிக்கொண்டு மெஷினில் உட்காரச் சொல்வது அதே பாதுகாப்பைக் கெடுப்பது. இரண்டையும் ஒரே வாயால் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேன்டீன், பேக்கரி, உணவுப் பொருள் ஆலைகளில் உணவில் விழக்கூடிய நகை கூடாது, அதுவும் சரி.

துணிக்கடை, நகைக்கடை, ஹோட்டல் வரவேற்பு, வங்கி கவுன்டர் என்று வாடிக்கையாளர் எதிரே நிற்கிற வேலைகளில்தான் பார்வைச் சிக்கல் அதிகம். பெண்ணின் மூக்குத்தியை யாரும் கேட்பதில்லை, ஆணின் காதில் கடுக்கன் என்றால் உடனே கேட்கிறார்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் பலர் கடுக்கனோடுதான் போட்டோவில் இருக்கிறார்கள். கடை முதலாளி வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். ஆனால் அந்த வாடிக்கையாளர் வீட்டுப் பையனே கையில் டாட்டூவோடு பைக்கில் கொண்டுவந்து விடுகிற காலம் இது. ஐ.டி. வேலை என்றால் இந்தப் பேச்சே அநேகமாக எழாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். சாதிச் சின்னத்தையோ சாதிப் பெருமையையோ கையில் குத்திக்கொண்டு வந்து அதை எல்லாருக்கும் தெரியும்படி காட்டினால், மறைத்துக்கொண்டு வா என்று சொல்வேன். பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசுக்குப் பரிந்துரைத்தது. பள்ளிக்கூடத்தில் கயிறு செய்யும் வேலையைத் தொழிற்சாலையில் பச்சை செய்யும். ஒரே பெஞ்சில் எல்லா ஊர்க்காரர்களும் உட்கார்ந்து ஷூ தைக்கிற இடம் அது. பக்கத்தில் இருப்பவரை மிரட்டும் ஒன்று கையில் இருக்கும்போது அதை வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியாது. அம்மா பெயருக்கும் பூவுக்கும் கழுகுக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலரும் கேட்பார்கள். பச்சை குத்தியிருக்கிறார் என்பதற்காகத் தனியார் நிறுவனம் வேலை மறுக்கக் கூடாது என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. சேரும் முன்னால் மறுத்தால் ஒன்றும் செய்வது கடினம். சேர்ந்த பிறகு புதிதாக ஆட்சேபம் கிளப்பினால் நிலைமை வேறு. அப்போது நியமனக் கடிதத்தில், நிலையாணைகள் எனப்படும் நிறுவனப் பணி விதிகளில், சீருடை விதியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்கலாம். வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பல ஆட்சேபங்கள் எழுத்தில் வருவதே இல்லை.

இந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. டர்பன் நகரத்துப் பள்ளி ஒன்றில் தென்னிந்திய வம்சாவளித் தமிழ்க் குடும்பத்து மாணவி மூக்குத்தி போட்டு வந்தார். பெண் பெரியவளானதும் மூக்கு குத்துவது அந்த வீட்டு வழக்கம். பள்ளி, நகை விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றது. 2007-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எல்லாருக்கும் ஒரே விதி என்று சொல்லிவிட்டால் போதாது, அந்த விதி யார் வழக்கத்தை மட்டும் வெளியே தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் இடம் கொடுத்தால் பள்ளியின் ஒழுங்கு ஒன்றும் குலைந்துவிடாது என்பதுதான் அதன் சாரம். அது பள்ளி வழக்கு, வேறு நாட்டு வழக்கு, நம்மை அது கட்டுப்படுத்தாது. ஆனால் விதி எழுதும் மேலாளர் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது.

சரி, தங்கை நேர்காணலுக்கு என்ன செய்வது? வழக்கமாக உடுத்துகிற மாதிரியே நேர்த்தியான உடையில் போகட்டும். முன்கையை மறைக்கப் பாடுபட வேண்டாம், வேண்டுமென்று காட்டவும் வேண்டாம். மறைக்கிற பதற்றம்தான் எதிரே இருப்பவர் கண்ணில் முதலில் படும். கேட்டால் "என் அம்மா பெயர், சார்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குப் போய்விடலாம். வேலை உறுதியாகும் நேரத்தில் அவரே கேட்கட்டும்: "நகை, பச்சை பற்றி இங்கே சீருடை விதி என்ன? எந்தப் பிரிவில் என்ன கழற்ற வேண்டும்?" இப்படிக் கேட்கிற நர்ஸ் தொற்றுக் கட்டுப்பாடு தெரிந்தவர் என்று தலைமை நர்ஸான மேட்ரனுக்கே புரியும். அப்புறம், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டதற்கான சீட்டைக் கையில் வைத்திருக்கட்டும். பச்சை குத்திய ஊசி புதிதா என்ற சந்தேகம் யாருக்காவது வந்தால் அது உதவும். குத்தி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் ரத்ததானத்துக்கு மட்டும் கை நீட்ட வேண்டாம், பன்னிரண்டு மாதம் பொறுக்கச் சொல்வது ரத்த வங்கி விதி.

லேசரில் எடுத்துவிடலாமா என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம், ஆனால் ஒரே தடவையில் போகாது. பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி என்று ஒரு வருடம்கூட இழுக்கும். கறுப்பு மை ஓரளவு நன்றாக மங்கும், மஞ்சளும் பச்சையும் அடம்பிடிக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகிற வாய்ப்பும் உண்டு. அதனால் பார்லரில் வேண்டாம், தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். தம்பியின் நண்பர்களில் தோளில் குத்திக்கொண்டு படைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இருந்தால் அவர்கள் இந்தக் கணக்கைப் போட்டு, தேர்வுத் தேதிக்கு வெகு முன்னால் ஆரம்பிக்கட்டும். தங்கைக்கு இது தேவையே இல்லை. அம்மா பெயரை அழித்தால்தான் வேலை என்று ஒரு மருத்துவமனை சொன்னால், வேலூரில் வேறு மருத்துவமனைகள் இருக்கின்றன.